கோர்ட்டை நடத்தியவர்கள் – 11: எல்லை மாறிய நாளில் கட்டுகள்

1952-ஆம் ஆண்டு திருத்தணித் தாலுகாவில் ஒரு விவசாயி வரப்புத் தகராறுக்காகப் பிராது கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அன்று அவருடைய ஊர் சென்னை ராஜ்யத்தின் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. வழக்கு எவ்வளவு மேலே போனாலும் அது போய் நிற்கும் உயர் நீதிமன்றம் சென்னையில். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அங்கே போயிற்று. அதன் பிறகும் சில மாதங்கள் சென்னை உயர் நீதிமன்றமே ஆந்திரத்துக்கும் உயர் நீதிமன்றமாக இருந்தது. 1954 ஜூலை 5 அன்று குண்டூரில் ஆந்திர உயர் நீதிமன்றம் தொடங்கியது. இனி அவர் குண்டூருக்குப் போக வேண்டும். 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசம் உருவானதும் உயர் நீதிமன்றம் ஹைதராபாத்துக்குப் போயிற்று. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது, மறுபடியும் சென்னை. அந்த விவசாயியின் வரப்பு இருந்த இடத்திலேயே கிடந்தது. எட்டு ஆண்டுக்குள் அவருடைய உயர் நீதிமன்றம் மட்டும் மூன்று முறை மாறிவிட்டது.

திருத்தணியை மீட்க நடந்த வடக்கெல்லைப் போராட்டத்தின் வரலாறு நமக்குத் தெரியும். போராடிய ம.பொ.சி., மங்கலங்கிழார், நடுவராக இருந்த படாஸ்கர் தந்த முடிவு, அதை ஒட்டி 1959-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் நூல்களாகிவிட்டன. அந்தச் சட்டத்தில், மாறுகிற நிலப்பகுதியைச் சேர்ந்த நிலுவை வழக்குகள் அதற்குரிய நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டதாகக் கொள்ளப்படும் என்ற பொருளில் ஓர் ஏற்பாடு உண்டு. சட்டத்தில் அது சில வரிதான். அந்த வரிகளை நிறைவேற்றியவர் யார்? எந்த வழக்குக் கட்டு எந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று பிரித்தவர், பட்டியல் எழுதியவர், ஒப்புக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கியவர், காணாமல் போன ஒரு தாளுக்காகப் பதில் சொன்னவர் யார்? அவருக்கு நூல் இல்லை, சிலை இல்லை. நீதிமன்ற ஆவணங்களில் அவர் சிரஸ்தார் என்றும் தலைமை எழுத்தர் என்றும் வருகிறார். இந்தத் தொடரை எழுதத் தூண்டியவரே அவர்தான். இந்தப் பகுதிக்குத் திருவள்ளூர் மாவட்டத்தை எடுத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் எல்லைக் கோடுகள் இவ்வளவு முறை வெட்டி ஒட்டப்பட்ட மாவட்டங்கள் குறைவு. கோடு நகரும்போதெல்லாம் கோர்ட் அலுவலகம் என்ன செய்தது என்பதை இங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1802-இல் சென்னை மாகாணத்தில் ஜில்லா கோர்ட்டுகளை அமைத்தார்கள். 1816-இல் தாமஸ் மன்றோவின் முயற்சியால் வந்த ஒழுங்குவிதிகள் கிராம முன்சீப்புகளையும் ஜில்லா முன்சீப்புகளையும் உண்டாக்கின. அப்போதிருந்தே நீதிபதிக்குக் கீழே ஓர் அலுவலகம் இருக்கிறது. இன்று முன்சீப் கோர்ட்டில் அதற்குத் தலைமை எழுத்தர் தலைவர். சப் கோர்ட்டிலும் மாவட்ட நீதிமன்றத்திலும் சிரஸ்தார். வக்கீல் கொண்டுவரும் பிராது முதலில் இவருடைய பிரிவுக்குத்தான் வரும். கோர்ட் கட்டணம் சரியா, சொத்து இந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் இருக்கிறதா, கெடு தாண்டிவிட்டதா, எதிராளிகளுக்கு வேண்டிய நகல்கள் இருக்கின்றனவா, பேட்டா கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். குறை இருந்தால் ‘ரிட்டர்ன்’. குறை இல்லையென்றால் பதிவேட்டில் ஏறும். அதைத்தான் வக்கீல் குமாஸ்தாக்கள் ‘நம்பர் ஆயிடுச்சு’ என்பார்கள்.

அந்தத் தேதி முத்திரையின் கனத்தை வெளியார் உணர்வது கடினம். கடன் வழக்குக்கு மூன்றாண்டுக் கெடு. கெடுவின் கடைசி நாளில் மாலையில் தாக்கலான பிராதில் விழும் முத்திரை ஒரு குடும்பத்தின் பணத்தைக் காக்கும். மறுநாள் தேதி விழுந்தால் அந்தப் பணம் போனதுதான். எந்த நீதிபதியாலும் எளிதில் மீட்டுத் தர முடியாது. முத்திரை வைப்பவர் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கை பொய் சொல்லக் கூடாது. தீர்ப்பு எழுதுவது நீதிபதி. அந்தத் தீர்ப்பிலிருந்து தீர்ப்பாணையை, அதாவது டிகிரியை வரைவது அலுவலகம். சொத்து விவரத்தில் சர்வே எண் ஒன்று பிசகினால், பத்து ஆண்டு கழித்து நிறைவேற்று மனுவில் அந்தப் பிசகு எழுந்து நிற்கும். அன்றாடம் கோர்ட்டில் நடந்ததைக் குறிக்கும் ‘ஏ டைரி’, நகல் மனுக்கள், சான்றுப் பொருள்கள் அடுக்கிய அறை, பதிவறை, சம்மன் கொண்டுபோகும் அமீனாக்கள், நாசர் கையில் இருக்கும் கணக்கு என எல்லாம் அந்த ஒரு மேசையைச் சுற்றித்தான் ஓடுகின்றன.

ஒரு காலத்தில் இந்த மேசையிலிருந்து நீதிபதி நாற்காலிக்கு வழி இருந்தது. நமக்கெல்லாம் பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியராகத் தெரிந்த வேதநாயகம் பிள்ளை 1848-இல் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத்தான் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு ஆண்டு கழித்து மொழிபெயர்ப்பாளர் ஆனார். 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப். பிறகு மாயூரத்தில் நெடுங்காலம் முன்சீப்பாக இருந்து அந்த ஊர்ப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1805 முதல் 1861 வரை மேல் நீதிமன்றம் தந்த தீர்ப்புகளை அவர் தமிழில் சுருக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் 1862-இல் வெளியிட்டார். பதிவறையில் கட்டுகளோடு பழகியவருக்குத்தான் அந்த வேலையின் அவசியம் தெரிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். தீர்ப்பு எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழி தெரியாதவர்கள்தான் அதற்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது என்பதை அவர் தினம் பார்த்திருப்பார்.

அதே 1862-இல் சென்னை உயர் நீதிமன்றம் அமைந்தது. கம்பெனியின் சதர் அதாலத்தும் அரசரின் சுப்ரீம் கோர்ட்டும் கலைக்கப்பட்டு இரண்டின் வேலையும் அங்கே சேர்ந்தன. ஆனால் அலுவலகங்கள் முழுவதாகக் கலக்கவில்லை. இன்றும் அங்கே ‘ஒரிஜினல் சைடு’, ‘அப்பெல்லேட் சைடு’ என்று இரண்டு பக்கங்கள் தனித்தனி நடைமுறையோடு இருப்பதற்கு வேர் அதுதான். ஜில்லாக் கோர்ட்டுகளுக்கு 1873-இல் சென்னை சிவில் நீதிமன்றச் சட்டம் வந்தது. மாவட்ட நீதிபதி, சப் ஜட்ஜ், ஜில்லா முன்சீப் என்ற அடுக்கு நிலைத்தது. சட்டப் பட்டம் நீதிபதி பதவியின் வாசற்படி ஆக ஆக, ஆவணக் காப்பாளர் நீதிபதியாகும் வழி குறுகி அடைந்துபோயிற்று. சிரஸ்தாருக்கு நீதிபதி நாற்காலிவரை ஏறும் ஏணி இல்லை. அனுபவம் எவ்வளவு இருந்தாலும் ஓய்வு பெறும் நாளில் அது அவரோடு வீட்டுக்குப் போய்விடும். இந்த இழப்பைப் பற்றி நாம் போதுமான அளவு கவலைப்படவில்லை.

திருத்தணிக்கு வருவோம். 1911-க்கு முன் அது வட ஆர்க்காடு ஜில்லா. அந்த ஜில்லாவின் தலைநகரமே சித்தூர்தான். 1911-இல் சித்தூர் தனி ஜில்லாவானபோது திருத்தணியின் பழைய ஆவணங்கள் பெரிதாக அலைய வேண்டியிருக்கவில்லை. 1960 அப்படிப்பட்டதல்ல. அன்று இரு திசையிலும் போக்குவரத்து நடந்தது. திருத்தணிப் பகுதி செங்கல்பட்டு ஜில்லாவுக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர்த் தாலுகாக்களிலிருந்து சத்தியவேடு பகுதிக் கிராமங்கள் சித்தூர் ஜில்லாவுக்குப் போயின. ஆகவே செங்கல்பட்டு ஜில்லாக் கோர்ட்டுகளின் எழுத்தர்கள் ஒரு கையால் கட்டு வாங்கி, மறு கையால் கட்டு கொடுக்க வேண்டியிருந்தது.

இதில் உள்ள சிக்கலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நிலுவை வழக்கை மாற்றுவது ஒப்பளவில் சுலபம்: எண் உண்டு, வாய்தா உண்டு, இரு தரப்பு வக்கீல்களும் விழித்திருப்பார்கள். முடிந்துபோன வழக்குதான் தொல்லை. பத்து ஆண்டுக்கு முன் பாகப்பிரிவினை டிகிரி வாங்கியவர் இப்போது அதை நிறைவேற்ற எந்தக் கோர்ட்டுக்குப் போவது? டிகிரி கொடுத்த கோர்ட்டின் எல்லையில் அவருடைய நிலம் இல்லை. நிலம் இருக்கும் எல்லையின் கோர்ட்டில் டிகிரி இல்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு விடை உண்டு. 37, 38, 150 ஆகிய பிரிவுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். படித்தாலும், கட்டு கிடைத்தால்தான் விடை பயன்படும். ஒரே வழக்கின் சொத்துப் பட்டியலில் நான்கு சர்வே எண்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் இரண்டு அந்தப் பக்கமும் இருந்தால் கட்டை யார் வைத்துக்கொள்வது? எல்லையோரத்துப் பத்திரங்களில் பல தெலுங்கில் எழுதப்பட்டவை. தமிழ்நாட்டில் 1956-இல் ஆட்சிமொழிச் சட்டமும், 1976-இல் கீழ்க்கோர்ட்டுகளின் சாட்சியத்துக்கும் தீர்ப்புக்கும் தமிழ் என்ற திருத்தமும் வந்தன. அதன் பிறகும், திருத்தணிப் பக்கத்து நில வழக்கில் மூலப் பத்திரம் தெலுங்காக இருந்தால் அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேட வேண்டும்.

1917-ஆம் ஆண்டு ஆவண அழிப்புச் சட்டம் எந்த ஆவணத்தை எத்தனை ஆண்டு வைத்திருந்து பிறகு அழிக்கலாம் என்று விதி செய்ய உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தந்தது. ஊர் மாறிய கட்டு எந்த வரிசையில் சேர்கிறது, அதன் ஆயுள் எப்போது முடிகிறது என்று தவறாகக் குறித்துவிட்டால், பேரப்பிள்ளை தேடி வரும்போது சாம்பல்கூட இருக்காது. எல்லைக்காகச் சிறை சென்றவர்களைப் போற்றும்போது, அந்த எல்லைக்குள் வந்த குடும்பங்களின் காகிதங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவர்களையும் நினைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் திருத்தணியின் மீட்பு.

1997-இல் செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானபோது மாநில எல்லைச் சிக்கல் இல்லை. மொழிச் சிக்கலும் இல்லை. அரசாணை வந்ததும் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டிவிடலாம். மாவட்ட நீதித்துறை அவ்வளவு விரைவாகப் பிரியாது. செங்கல்பட்டில் இருந்த மேல்முறையீடுகளை ஊர்வாரியாகப் பிரிக்க, பிராதின் கடைசியில் இருக்கும் சொத்து விவரத்தை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். ஊழியர்களும் பிரிய வேண்டும். கோர்ட் எழுத்தர்களுக்கு மாவட்டமே பணி அலகு. மூப்புப் பட்டியல் மாவட்டத்துக்குள்தான். மாவட்டம் பிரியும்போது யார் எங்கே என்பதில் ஒருவருடைய பதவி உயர்வு ஐந்தாண்டு முன்னே வரலாம், பின்னே போகலாம். அரசியல் சாசனத்தின் 235-ஆவது பிரிவு கீழ்க்கோர்ட்டுகளின் கட்டுப்பாட்டை உயர் நீதிமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. ஆகவே இவை எல்லாம் சென்னையிலிருந்து பதிவாளர் கையெழுத்தோடு வரும் உத்தரவுகளாகவே நடக்கும்.

புதிய மாவட்டத்துக்குள் பூந்தமல்லியும் வந்தது. அங்கேதான் ராஜீவ் காந்தி கொலை வழக்கைத் தடா சட்டத்தின் கீழ் விசாரித்த தனி நீதிமன்றம் இருந்தது. 1992 மே மாதம் குற்றப்பத்திரிகை தாக்கலானது. 26 பேர் விசாரணையை எதிர்கொண்டார்கள். அரசுத் தரப்பில் 288 சாட்சிகள். 1998 ஜனவரி 28 அன்று நீதிபதி வி. நவநீதம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தார். 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதில் நால்வருக்கு மட்டும் மரண தண்டனையை உறுதிசெய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனை. மற்ற 19 பேர் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார்கள். அந்தத் தீர்ப்பைப் பற்றி எழுதியவர்கள் பலர். அலுவலகத்தின் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்று தெரியும். சாதாரணக் கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டால் கட்டுகள் உறுதிப்படுத்துவதற்காக உயர் நீதிமன்றத்துக்குப் போகும். தடா சட்டத்தில் மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்கு. பூந்தமல்லியில் அடுக்கிய தாள்களை டெல்லியில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் முன்னால் விரிக்க வேண்டும். தமிழில் பதிவான சாட்சியத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். சான்றாவணத்தின் எண்ணும் சாட்சியத்தில் குறிப்பிட்ட எண்ணும் பொருந்த வேண்டும். ஒரு எண் தவறினால் வாதம் தடம் புரளும். 22 உயிர்கள் மேல்முறையீட்டில் தப்பின என்றால், அந்தக் கட்டுகள் ஒழுங்காக இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றே நான் சொல்வேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கதை வேறு. அந்த வட்டாரத்து மக்களுக்குத் தலைமுறைகளாகக் கோர்ட் என்றால் பொன்னேரிதான். 1971-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான சிப்காட் பின்னர் கும்மிடிப்பூண்டியில் தொழில் வளாகம் அமைத்தது. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையமும் துறைமுகமும் வந்தன. தொழிற்சாலைக்கு நிலம் எடுத்தால் கோர்ட்டுக்கு வேலை வரும். 2013 வரை நடைமுறையில் இருந்த 1894-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி, இழப்பீடு போதாது என்பவர்களின் மனுவை வருவாய்த் துறை நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. சப் கோர்ட்டில் இவை ‘எல்.ஏ.ஓ.பி.’ என்ற வரிசையில் கட்டுக் கட்டாக எண்ணாயின. கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகள் பெருகியதோடு விபத்து இழப்பீட்டு மனுக்களும் பெருகின, அவை ‘எம்.சி.ஓ.பி.’. இவ்விரண்டு வரிசையிலும் தீர்ப்போடு வேலை முடியாது. அதற்குப் பிறகு பணம் வரும். அரசும் காப்பீட்டு நிறுவனமும் பணத்தைக் கோர்ட்டில் கட்டும். உரியவர் வந்து மனுப் போட்டு வாங்க வேண்டும். மைனர் பங்கு என்றால் தேசியமயமான வங்கியில் வைப்பாகப் போட்டு, பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை ரசீதைக் காக்க வேண்டும். அப்பாவை நெடுஞ்சாலையில் இழந்த குழந்தையின் பணத்துக்கு அத்தனை ஆண்டுகள் காவல் இருப்பது ஒரு பதிவேடும் அதை எழுதுகிற எழுத்தரும்தான். இடையில் நீதிபதிகள் பல முறை மாறியிருப்பார்கள்.

மாவட்டம் பிறந்த அதே 1997-இல்தான் தேசியத் தகவலியல் மையம் நாட்டின் மாவட்ட நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் வேலையைக் கையில் எடுத்தது. பெரிய மாற்றம் பின்னால் வந்தது. 2005-இல் தேசியக் கொள்கை. 2007-இல் ‘இ-கோர்ட்ஸ்’ திட்டத்தின் முதல் கட்டம். 2015-இல் இரண்டாம் கட்டம், 1,670 கோடி ரூபாய். 2023 செப்டம்பரில் மூன்றாம் கட்டம், 7,210 கோடி. மூன்றாம் கட்டத்தில் பழைய கட்டுகளை ஸ்கேன் செய்து பாதுகாப்பதற்கு மட்டும் 2,000 கோடிக்கு மேல் ஒதுக்கினார்கள். கோர்ட்டுகளில் உபுண்டு லினக்ஸ் வந்தது. வழக்குத் தகவல் மென்பொருள் வந்தது. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் சி.என்.ஆர். எண் வந்தது. சிஸ்டம் ஆபீசர், சிஸ்டம் அசிஸ்டென்ட் என்ற புதிய பதவிக்காரர்கள் சிரஸ்தாரின் அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள்.

கணினி வந்ததால் சிரஸ்தாரின் வேலை குறைந்தது என்று எண்ணுவது தவறு. பதிவேட்டிலிருந்து கணினிக்கு வழக்கை ஏற்றியது யார்? அழிந்த மையை வாசித்தவர், 1980-களின் வழக்கில் வாதி செத்து வாரிசுகள் சேர்ந்ததைக் கண்டுபிடித்துப் பெயர் சேர்த்தவர், ‘முடிந்தது’ என்று குறிக்காமல் விட்டதால் நிலுவையாகவே நின்ற வழக்கை அடையாளம் கண்டவர் எல்லாம் பழைய ஊழியர்களே. இன்று கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட் முடிந்து வந்த தொழிலாளி கைப்பேசியில் சி.என்.ஆர். எண்ணைப் போட்டு அடுத்த வாய்தாவைப் பார்த்துவிடுகிறார்; ஒரு நாள் கூலி மிச்சம். அந்தத் திரையில் தெரியும் தேதியை அன்று மாலை உட்கார்ந்து ஏற்றியவர் பெஞ்ச் கிளார்க். அவர் ஏற்ற மறந்தால் தொழிலாளிக்கு அந்த வசதி இல்லை.

நீதிமன்றத்தை நடத்துவது தனிப் படிப்பும் தனிப் பதவியும் வேண்டிய தொழில் என்பதை அமெரிக்கா முன்னதாகவே ஏற்றுக்கொண்டது. நியூ ஜெர்சி மாநிலத்தின் 1947-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நீதிமன்றங்களுக்கென ஒரு நிர்வாக இயக்குநரை உண்டாக்கியது. 1953-இல் இயக்குநராக வந்த எட்வர்ட் மெக்கானல் 20 ஆண்டு அந்தப் பதவியில் இருந்தார். பிறகு 1971-இல் தொடங்கிய மாநில நீதிமன்றங்களுக்கான தேசிய மையத்தின் தலைவரானார். நிர்வாகமே ஒரு மனிதரின் வாழ்நாள் தொழிலாக அங்கே நின்றது.

இந்தியாவில் அந்த எண்ணம் பதின்மூன்றாவது நிதிக் குழுவின் காலத்தில்தான் பணத்தோடு வந்தது. 2010 முதல் 2015 வரை நீதித்துறைக்கென அது பரிந்துரைத்த 5,000 கோடியில் 300 கோடி, கோர்ட் மேனேஜர்களுக்கு. எம்.பி.ஏ. படித்தவர்களை எடுத்து, நீதிபதிகளின் தோளிலிருந்து நிர்வாகச் சுமையை இறக்குவது நோக்கம். நிதி முடிந்ததும் பல மாநிலங்களில் பதவியும் ஆட்டம் கண்டது. 2018 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் இவர்களைத் தொடர்ந்து நியமிக்க வேண்டும், இருப்பவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்றது. ஏழு ஆண்டு கழித்து, 2025 மே 16 அன்று, அதே வழக்கில் தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு, அசாமின் 2018-ஆம் ஆண்டு விதிகளை மாதிரியாகக் கொண்டு எல்லா உயர் நீதிமன்றங்களும் விதி வகுக்க வேண்டும் என்று மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

அந்த விதிகள் எழுதப்படும்போது ஒரு கேள்வியை விட்டுவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள். வெளியிலிருந்து வரும் மேலாண்மைப் பட்டதாரிக்கு இடம் இருக்கட்டும்; முப்பது ஆண்டு பதிவறையிலும் நம்பர் போடும் பிரிவிலும் வேலை பார்த்த சிரஸ்தாருக்கு அங்கே இடம் உண்டா? சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் மாவட்டக் கோர்ட்டுகளுக்காக 2,329 பணியிடங்களை அறிவித்தது. எக்சாமினர், ரீடர், சீனியர் பெய்லிஃப், ஜெராக்ஸ் ஆப்பரேட்டர், அலுவலக உதவியாளர் என்று அந்தப் பட்டியல் நீளும். அதில் சேரும் இளைஞர் ஒருவர் திருவள்ளூரிலோ பொன்னேரியிலோ வேலை தொடங்கினால், அவர் எந்தப் படிவரை ஏறலாம் என்பதை இப்போதே சொல்லிவிட முடிய வேண்டும். 1848-இல் திருச்சிராப்பள்ளியில் ஓர் ஆவணக் காப்பாளருக்கு இருந்த வழி அவருக்கும் ஏதோ ஒரு வடிவில் திறந்திருக்க வேண்டும்.

(அடுத்த பகுதியில்: நாசரும் அமீனாக்களும் — ஜப்தி வாரண்டோடு ஊருக்குள் போனவர்கள்)